செஞ்சி அத்தை விமர்சனம்

எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். விளக்கு வைத்தபின் வாயில் எதுவும் போடக்கூடாது என்பது எங்கள் ஜைனக் குடும்பத்து வழக்கம். இதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. தெருவில் மற்ற வீடுகளில் அடுப்பில் தோசைக்கல் ஏறும் நேரத்தில் நாங்கள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்போம். ஒரு சீரியலின் பாட்டுகூடத் தவறியதில்லை. முன்னோர்கள் அகிம்சைக்காக ஏற்படுத்திய ஏற்பாட்டை நாங்கள் இப்படிப் பயன்படுத்திக்கொண்டோம்.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது அத்தை வந்து சேர்ந்தாள். நைனாவின், அதாவது என் அப்பாவின், ஒரே தங்கை. பக்கத்து அனந்தபுரத்தில் உரக்கடை வைத்திருக்கும் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். "உடம்பு சரியில்ல, கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னாள். எனக்குத் தெரிந்து அத்தைக்கு ஜுரமோ இருமலோ இல்லை. மருந்து சாப்பிட்டும் பார்த்ததில்லை. இருந்தாலும், தலை பின்னிவிட ஒரு ஆளும் டிவி பார்க்க ஒரு துணையும் கிடைத்திருக்கும்போது யார் கேள்வி கேட்பார்கள்?

நைனாவுக்கு மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். விதைக்கென்று ஒதுக்கிய மல்லாட்டையை வீட்டில் கையால் உரிப்பது வழக்கம். அத்தை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தால், கண் படத்தில் இருக்கும், கை தன்பாட்டுக்கு உரித்துக்கொண்டிருக்கும். அவள் படத்தை எடைபோட்ட விதமும் அதுதான். படம் முடிவதற்குள் முறம் நிறைந்துவிட்டால் குப்பைப் படம். கை நின்று, தோலும் பருப்பும் கலந்து கிடந்தால் நல்ல படம்.

அவள் வந்ததிலிருந்து டிவியின் சத்தம் கூடிப்போயிருந்தது. "கம்மியா வை அத்தை, காது வலிக்குது" என்பேன். ஒரு துளி குறைப்பாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறிவிடும். சத்தமாக வைத்தால்தான் அவளுக்குப் படம் ரசிக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் புதுப்படம் ஒன்று போட்டார்கள். எங்கள் செஞ்சிக் கோட்டையில் படமெடுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள், ஆனால் எந்தப் படத்திலும் அது செஞ்சியாக இருந்ததில்லை. வில்லனின் பதுங்கிடமாகவோ, பேரே இல்லாத ஒரு ராஜாவின் ஊராகவோ இருக்கும். இந்தப் படத்தில் கதாநாயகன் ஒரு கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ராஜகிரி மலைமேல் ஓடினான். அடுத்த நொடியில் கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரி உச்சியில் நின்று ஒருவனை எட்டி உதைத்தான்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாடி இது? ராஜகிரில ஏறி கிருஷ்ணகிரில எறங்குறான்? நடுவுல திருவண்ணாமலை ரோடு போவுதே, பஸ் புடிச்சிப் போனானா?"

நைனா சத்தம்போட்டுச் சிரித்தார். நைனா சிரித்து அந்த வீட்டில் வெகுநாள் ஆகியிருந்தது. அவருடைய பழைய போன் என் கையில்தான் இருந்தது. "அத்தை, அத இன்னொரு வாட்டி சொல்லு" என்று அதை நீட்டினேன். அத்தை கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மறுபடி சொன்னாள். போதாததற்கு, "சித்திர வெயில்ல ஏறியிருக்கான், மொகத்துல ஒரு சொட்டு வேர்வ இல்ல. அவன் இன்னா பவுடர் போடறான்னு மட்டும் சொன்னா நாங்களும் வாங்கிக்குவோம்" என்று சேர்த்துக்கொண்டாள். அதை நான் யூடியூபில் ஏற்றினேன். 'செஞ்சி அத்தை விமர்சனம்' என்று நானே பேரும் வைத்தேன்.

ஊர் சிரித்தது. மண்டிக்கு வருகிறவர்கள் போனில் பார்த்துவிட்டு நைனாவிடம் பேசினார்கள். பால்காரர் வாசலில் நின்று, "எக்கா, அடுத்தது எந்தப் படம்?" என்று கேட்டார். அத்தையும் நானும் அன்றாடம் வேலையில் இறங்கிவிட்டோம்.

எல்லோரும் கொண்டாடிய ஒரு காதல் படத்தைப் பற்றி அவள் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. "அவன் வேலவெட்டி இல்லாம பஸ் ஸ்டாண்டுல நிக்கிறான். அவ தெனம் பஸ் ஏறி வேலைக்குப் போறா. கடசில அவதான் அவன்கிட்ட மன்னிப்பு கேக்கறா. எதுக்குன்னு எனக்குப் புரியல. புரிஞ்சவங்க கீழ எழுதுங்க." கீழே நிறையப் பேர் எழுதினார்கள். பாதி வசவு. அத்தை ஒன்றுவிடாமல் என்னைப் படிக்கச்சொல்லிக் கேட்டாள். "இவங்களுக்கும் புரியலடி, அதான் கோவம் வருது" என்றாள்.

படம் பிடித்துப்போய் அவள் கை நின்றதை ஒரே ஒரு படத்தில்தான் பார்த்தேன். புருஷன் செத்தபின் அவன் லாரியைத் தானே ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணின் கதை. அது யாரும் பார்க்காமல் வந்து போன படம். "பாட்டு இல்ல, சண்ட இல்ல. கியர் போடத் தெரியாம அழுவுறா பாருங்க, அப்ப எவனும் வந்து சொல்லித்தரல. அவளே கண்ணத் தொடச்சிக்கினு போடறா. எனக்குப் புடிச்சிருக்குது" என்றாள். அன்று உரித்தது ஒரு கைப்பிடி தேறாது.

அப்புறம்தான் அந்தச் சீரியல் வந்தது. தெருவே பார்த்த சீரியல். கதாநாயகியின் புருஷன் விருந்தாளிகள் முன்னால் அவளைக் கன்னத்தில் அறைந்துவிடுகிறான். அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். வாரக்கணக்கில் அழுகை. கடைசியில் பெரியவர்கள் கூடிப் பேச, அவன் மழையில் நனைந்துகொண்டு வாசலில் நிற்க, அவள் ஓடிவந்து அவன் காலில் விழுகிறாள். வயலின் வாசிக்கிறார்கள். பக்கத்து வீடுகளில் பெண்கள் மூக்கைச் சிந்துவது எங்கள் கூடம்வரை கேட்டது.

அத்தை அழவில்லை. "பாப்பா, போன எடு" என்றாள்.

இந்த முறை முந்தானையைச் சரிசெய்யவில்லை. நேராகப் பார்த்துப் பேசினாள். "இந்தக் கத எழுதினவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அவ திரும்பிப் போனது தப்பு. அவன் மழையில நனஞ்சத அவ்ளோ நேரம் காட்டினீங்க. அவ கன்னம் வீங்கினத ஒரு நொடி காட்டினீங்களா? அவன் அழுதான், சரி. இனிமே கை நீட்டமாட்டேன்னு சொன்னானா? சொல்லல. சொல்லியிருந்தாலும் நான் போமாட்டேன்."

நான் பதிவை நிறுத்தினேன். "அத்தை, தப்பாச் சொல்லிட்ட. 'அவ போயிருக்கக் கூடாது'ன்னு வரணும். 'நான்'னு சொல்லிட்ட. இன்னொரு வாட்டி எடுக்கலாமா?"

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். "வேணாம். அப்டியே இருக்கட்டும்" என்றாள்.

எனக்கு வருத்தம்தான். பிழையோடு ஒரு வீடியோவை ஏற்றுவது ஒரு சானலுக்கு அழகல்ல. இருந்தாலும் ஏற்றினேன்.

அதுவரை போட்ட எதுவும் இப்படிப் பரவியதில்லை. அனந்தபுரம் போய்ச் சேர்ந்ததோடு நிற்காமல் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் ஊருக்கெல்லாம் போய்விட்டது. நைனா மண்டியிலிருந்து முகம் கறுத்து வந்தார். "படத்தப் பத்திப் பேசு, வேணான்னு சொல்லல. இது எதுக்கு?" என்று தங்கையிடம் கேட்டார். "இதுவும் படந்தான்ணா" என்றாள் அத்தை. அவர் அதற்குமேல் பேசவில்லை. அவர் சுபாவம் அப்படி. மண்டியில் விலை பேசும்போது தெருமுனைவரை கேட்கும் குரல், வீட்டு விவகாரம் என்றால் தொண்டைக்குள் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவும் அவருடைய அண்ணனும் வந்தார்கள். தட்டில் வைக்கப் பழம், பூ, ஒரு ஸ்வீட் பெட்டி எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். நான் அந்தப் பெட்டிக்குப் பக்கமாக உட்கார்ந்துகொண்டேன்.

பெரிய மாமாதான் பேசினார். "நடந்தது நடந்துபோச்சு மச்சான். புருஷன் பொஞ்சாதின்னா ஆயிரம் இருக்கும். நாங்க இட்டுக்கினு போறதுக்குத்தான் வந்திருக்கோம். ஆனா ஊரே எங்களக் கேக்குது. அந்த வீடியோவ எடுத்துடணும். தெரியாமச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த பேசி இன்னொண்ணு போட்டுடணும். அவ்ளோதான்."

ஒரு சீரியலுக்காக இவர்கள் ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. தெளிவுபடுத்துவது என் கடமை, சானல் என்னுடையது.

"பெரிய மாமா, அது சீரியல்ல வர்ற ஆளச் சொன்னது. நம்ம மாமாவச் சொல்லல" என்றேன்.

மாமா கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா கையிலிருந்த பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அத அழிச்சுடும்மா" என்றார்.

நான் போனை எடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்தாள். "அது நான் பேசின பேச்சு. அவ கொழந்த, அவள எதுக்கு அழிக்கச் சொல்றீங்க?" என்றாள். அப்புறம் என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பாப்பா, போனப் புடி. அந்த வீடியோவுல ஒரு திருத்தம் இருக்குது."

பெரிய மாமாவின் முகம் மலர்ந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தானும் படத்தில் விழட்டும் என்பதுபோல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

"அந்தப் பொண்ணு திரும்பிப் போனது தப்புன்னு சொன்னேன். இன்னிக்கும் அதையேதான் சொல்றேன்," என்றாள் அத்தை. "ஆனா ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கான் அந்தக் கதையில. நல்லவன்தான். தங்கச்சி மேல உசுரு. அவன் ஆரம்பத்துலர்ந்து கடசி வரைக்கும் ஓரமா நின்னுக்கினே இருக்கான். ஒரு வசனம் இல்ல அவனுக்கு. பெரியவங்க கூடிப் பேசறப்ப அவன் வாயத் தொறந்திருந்தா கதையே வேற. அந்த அண்ணன் வேஷத்துக்கு ஆளே தேவையில்ல, ஒரு நாற்காலியப் போட்டிருந்தாப் போதும். அவ்ளோதான் திருத்தம்."

நான் நிறுத்தினேன். சீரியலில் அப்படி ஒரு அண்ணன் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஏதோ ஓர் எபிசோடை நான் தவறவிட்டிருக்க வேண்டும்.

"இன்னா திமிரு பாத்தியா?" என்று எழுந்தார் பெரிய மாமா.

அடுக்களை வாசலில் நின்றிருந்த அம்மா அப்போதுதான் பேசினாள். "திமிரு இருக்கட்டும்ணா. டிவிய இவ ஏன் இவ்ளோ சத்தமா வெக்கிறான்னு உங்க தம்பியக் கேளுங்க. இவ இடது காதுல இன்னா ஆச்சுன்னு கேளுங்க."

மாமா தலையை நிமிர்த்தவே இல்லை.

நைனா பேப்பரைக் கீழே வைத்தார். எழுந்து நின்றபோது தொண்டையைச் செருமினார். அன்று அவர் குரல் மண்டியில் கேட்கும் குரலாக இருந்தது. "மாப்ள, வண்டிய எடுத்துக்கினு கெளம்புங்க. எந்தங்கச்சி இங்க இருப்பா."

"மச்சான், யோசிச்சுப் பேசு. பொண்ணு பெத்தவன் நீ. நாளைக்கு..."

"பொண்ணு பெத்ததாலதான் சொல்றேன். கெளம்புங்க."

அம்மா பழத்தையும் பூவையும் அவர்கள் கொண்டுவந்த பையிலேயே திருப்பிப் போட்டாள். ஸ்வீட் பெட்டியையும் போட்டுவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். நான் எதற்கு அழுகிறேன் என்று அவள் என்ன நினைத்தாளோ.

அதன்பின் எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் நைனா கூடப் போனார். சில கல்யாணங்களுக்கு எங்களை அழைக்கவில்லை. அழைத்த சிலவற்றுக்கு அத்தை வேண்டுமென்றே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். இப்போது மண்டியில் எடை போடுகிற இடத்தில் அவள்தான் நிற்கிறாள். தொண்டூர் விவசாயிகள் நைனாவைத் தாண்டிப்போய் அவளிடம்தான் விலை கேட்கிறார்கள். ஒரு காதில் மெஷின் வைத்திருக்கிறாள். பார்க்கிற படத்தையெல்லாம் இன்னும் திட்டுகிறாள். அந்தச் சீரியல் வீடியோவும் பின்னால் ஏற்றிய திருத்தமும் அழிக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மதியம் சாப்பிடும்போது, "ஒரு சீரியல் வீடியோவுக்காக எங்கத்தையும் மாமாவும் சண்ட போட்டுக்கிட்டாங்க. மாமா கோச்சிக்கினு போய்ட்டாரு" என்று கதை சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்துச் சேத்துப்பட்டு பஸ்ஸில் வருகிற ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. எப்போதும் அதிகம் பேசாதவள். எல்லோரும் தட்டு கழுவப் போனபின் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த வீடியோவ எங்கம்மா போனுக்கு அனுப்புறியா?"

"உங்க வீட்லயும் அந்த சீரியல் பாப்பீங்களா?"

"இல்ல. எங்க வீட்ல டிவியே இல்ல."

டிவியே இல்லாத வீட்டில் சீரியல் விமர்சனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கதை தெரியாமல் பார்த்தால் ஒன்றும் புரியாது என்று அவளிடம் சொல்லியும் பார்த்தேன். அவள் தன் அம்மாவின் நம்பரை இரண்டு தடவை சொன்னாள். சரி, சானலுக்கு ஒரு ஆள் கூடினால் நல்லதுதானே என்று சாயங்காலம் அனுப்பிவைத்தேன்.