வாயாடிகள் மைக் பிடித்தபோது

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு: மைக்கை நீட்டினால் யாரும் பேசுவார்கள். ஒரு தொல்லையும் உண்டு: நீட்டுகிற கையில் வளையல் இருந்தால், கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வளையலைப் பற்றிப் பேசுவார்கள்.

“பொம்பளப் பிள்ளைக்கு டிவியில என்ன வேலை?” என்ற கேள்வியைக் காலைக் காபியோடு சேர்த்து விழுங்கும் சகோதரிகளே, இது உங்களுக்காகத்தான். உங்களைப் போலவே விழுங்கியவர்கள் நாங்கள் மூன்று பேர். நான் மகேஸ்வரி, ராஜபாளையத்தில் மில் தொழிலாளியின் மகள். ஜெனிபர், பேண்டேஜ் துணி வியாபாரியின் மகள். கலைவாணி தேவதானத்துக்காரி, அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து வயல் பார்க்கிறவர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரே கல்லூரியில் படித்தோம். படித்தது கணக்கும் வணிகமும் இயற்பியலும், ஆசைப்பட்டது செய்தி. அதற்கு வழி சொல்ல எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. சரி, வழி தெரியாதவர்களே சேர்ந்து தேடுவோம் என்று மாணவிகளுக்காக ஒரு கூட்டம் தொடங்கினோம்.

என்னையும் ஜெனிபரையும் விடுங்கள். வேலை கிடைக்காவிட்டால் வீட்டில் திட்டோடு போகும். கலைவாணிக்கு அப்படியில்லை. படிப்பு முடிந்த கையோடு வேலை, இல்லையென்றால் கல்யாணம் என்று அவள் பெரியப்பா முடிவுகட்டி வைத்திருந்தார். அந்த வேலையும் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்து செய்தி வாசிக்கிற வேலை என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். அவளுக்குப் பிடித்ததோ கேமரா.

பொதிகளுக்கு நடுவே

முதலில் இடம் வேண்டியிருந்தது. என் வீட்டில் பேசினால் பக்கத்து வீட்டு மிக்சி பதில் சொல்லும். கல்லூரி மரத்தடியில் பேசினால் கூட்டம் கூடிவிடும். கடைசியில் ஜெனிபருடைய அப்பாவின் கிடங்குக்குப் போனோம். தரையிலிருந்து கூரை வரை பேண்டேஜ் துணிப் பொதிகள். நடுவில் நின்று ஒரு வரி பேசிப் பதிவு செய்து கேட்டோம். எதிரொலி என்பதே இல்லை! சென்னையில் வாடகைக்கு விடும் ஸ்டுடியோவில்கூட ஒலி இவ்வளவு சுத்தமாக இருக்குமா என்று கலைவாணி குதித்தாள். மில் சங்கு ஊதுகிற நேரம் மட்டும் வாயை மூடிக்கொண்டால் போதும்.

ஜெனிபருடைய அப்பா பொதிகளுக்குப் பின்னால் நின்று எங்களைக் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார். பிறகு வாசலுக்குப் போய் நின்றுகொண்டு இன்னும் உரக்கப் பேசச் சொன்னார். எங்கள் குரல் வளம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பி வந்தவர் சாவியை மகள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “என்னமும் பேசுங்க தாயி. தெருவுக்குச் சத்தம் கேக்கல, அம்புட்டுத்தான் எனக்கு வேணும்.”

பெயர் வைத்தவர்

தெருவுக்குக் கேட்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு வேண்டியது. கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்ட அனுமதி கேட்டுப் போனோம். எங்களை மேலும் கீழும் பார்த்த பேராசிரியர், “மூணு வாயாடிக சேர்ந்தா அதுக்கு ஒரு மன்றமா?” என்றார். எனக்குக் காது மடல் சுட்டது. ஜெனிபர் மட்டும், “ரொம்ப நன்றி சார், பேர்தான் கெடைக்காம இருந்துச்சு” என்றாள். அன்று சாயந்திரமே பலகையில் ‘வாயாடி வட்டம்’ என்று தாள் ஏறிவிட்டது.

வட்டத்தில் ஒரு வழக்கம் வைத்தோம். புதிதாக ஒருத்தி வந்தால் முதலில் எங்கள் மூன்று பேருடைய முதல் பதிவைப் போட்டுக் காட்டுவோம். என்னுடையது மகா கேவலம். பஸ் விபத்துச் செய்தியை, பயத்தில் பல்லைக் காட்டிக்கொண்டே வாசித்திருப்பேன். வந்தவள் வயிறு வலிக்கச் சிரித்து முடித்த பிறகுதான் அவள் கையில் மைக்கைக் கொடுப்போம். அதற்கு மேல் யாருக்கும் நடுக்கம் வந்ததில்லை. தாள் ஏறிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை கிடங்கு வாசலில் செருப்பைக் கழற்றாமல் ஒரு பெண் தயங்கி நின்றாள். முதலாம் ஆண்டு, சோழபுரம். உள்ளே வா என்றோம். அவள் கேட்டாள்: “அக்கா, எங்க வீட்டுல வாயாடின்னு என்னையத்தான் வைவாக. நான் இதுல சேரலாமா?”

கேமராமேன் எங்கே?

முதல் தெருப் படப்பிடிப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில். சாயந்திர பஸ்கள் கல்லூரி நிறுத்தத்தில் நிற்காமல் போவதைப் பற்றி மக்களிடம் கேட்பது திட்டம். எங்கள் ஊர்ப்பக்கம் கேமரா என்றால் கல்யாண வீடியோதான். கலைவாணி ஸ்டாண்டை விரித்ததும் பால்கோவா வாங்க நின்றவர்கள் தலையைச் சீவிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒரு அம்மா பேரனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, “பொண்ணு மாப்பிள்ளை எப்ப வாராக?” என்று விசாரித்தார்.

டீக்கடைக்காரர் விவரமானவர். பஸ் பற்றி நிறையச் சொல்லத் தயாராக இருந்தார். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து, “கேமராமேன் எங்கம்மா?” என்றார். “நாந்தாண்ணே” என்றாள் கலைவாணி. “அது சரி. அவரு வரட்டும், பொறவு பேசுதேன்” என்று கைகட்டிக்கொண்டார். மறுபடி சொன்னோம். தலையாட்டினார், நகரவில்லை. கலைவாணி அவர் காத்திருப்பதையே படமெடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதிவின் கடைசியில், நேராக லென்சைப் பார்த்து, அவர் அலுத்துக்கொள்வது தெளிவாகக் கேட்கும்: “ஏம்மா, எம்புட்டு நேரம்தான் உக்காந்திருக்கது, அந்த ஆளு வருவாரா மாட்டாரா?”

வெளிச்சம்

உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றிலிருந்து ஒருவர் வட்டத்தைத் தேடி வந்தார். பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்ல ஒரு பெண் வேண்டுமாம். எல்லோரிலும் நன்றாக வாசித்தது நான்தான். சுயபுராணம் அல்ல, அவரே சொன்னார். சொல்லிவிட்டு, “கலர் கொஞ்சம் கம்மியா இருக்கே” என்று பொதிகள் பக்கம் பார்த்துக்கொண்டு இழுத்தார். இந்த வார்த்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன், துணிக்கடையில் சேலை எடுக்கும்போதும் கேட்டிருக்கிறேன். தொழிலுக்குள்ளும் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. கோபத்தில் எனக்கு வாய் வரவில்லை. வாயாடி வட்டத்துக்கே அவமானம். நல்லவேளை, ஜெனிபருக்கு வந்தது: “எங்க பிள்ளை கலர் சரியாத்தான் இருக்கு சார். உங்க சேனல்ல லைட்டு வைக்கத் தெரியலைன்னா ஆள் அனுப்புங்க, பழக்கி விடுதோம்.”

கழற்ற மறந்த மைக்

ஒரு கிராமம், பெயர் வேண்டாம். தெருவிளக்கு எரியாததால் டியூஷன் போய் வரும் பெண் பிள்ளைகள் படும் பாட்டைப் பதிவு செய்யப் போனோம். பஞ்சாயத்துத் தலைவர் ஒரு பெண். வாசலுக்கு வந்ததோ அவர் கணவர். “எங்கிட்டக் கேளுங்க, எல்லாம் நாந்தான்” என்று சட்டையில் மைக்கை அவரே மாட்டிக்கொண்டார். விளக்கைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் பேசினார். தலைவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றேன். கேட்டு வருவதாக உள்ளே போனார். மைக் அவர் சட்டையிலேயே போனது. இந்தத் தப்பை எங்களைத் தவிர யாரும் செய்ய மாட்டார்கள். வயரில்லாத மைக்கை அன்றுதான் முதல் தடவையாக வெளியே எடுத்திருந்தோம்.

ஹெட்போன் மாட்டியிருந்த கலைவாணியின் முகம் மாறியது. நானும் ஒரு காதில் வைத்துக் கேட்டேன். “நீ வெளிய தலையக் காட்டிராத. நாலு பொட்டப்பிள்ளைக மைக்கைத் தூக்கிட்டு வந்திருக்குதுக, நான் பாத்துக்கிடுதேன்” என்று உள்ளே குரல். எனக்குக் கை பரபரத்தது. “இதை அப்படியே போடுவோம்டி, ஊரே பாக்கட்டும்” என்றேன். கலைவாணி, “தெரியாம எடுத்தது செய்தியில்ல, திருட்டு” என்று அந்தப் பகுதியை என் கண் முன்னாலேயே அழித்தாள். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

அழித்துவிட்டுச் சும்மா நிற்கவில்லை. படியேறி நேராக உள்ளே போனாள். “அண்ணே, எங்க மைக் உங்க சட்டையில இருக்கு. நீங்க பேசினது எல்லாம் கேட்டுருச்சு” என்றாள். மனிதர் நெருப்பைத் தொட்டதுபோல அதைப் பிடுங்கிக் கொடுத்தார். அவள் திரும்பி, அடுப்பங்கரை வாசலில் நின்ற தலைவரிடம் அதை நீட்டினாள். அந்த அம்மா புருஷனைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “இது வேலை செய்யுதாம்மா? அப்பக் கேளு, என்ன கேக்கணுமோ எங்கிட்டக் கேளு.”

தட்டோடு போனோம்

தேர்வு முடிந்தது. எங்கள் படங்களைப் பார்த்த சென்னைச் செய்தி சேனல் ஒன்று கலைவாணியைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. கேமராவுக்குத்தான். அதே வாரம் அவள் பெரியப்பா போலீஸ் மாப்பிள்ளை ஒருவரைப் பிடித்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டு வருகிறார்கள். “செய்தி வாசிக்கத்தான் போறேன்னு சொல்லிட்டு ரயிலேறு, பொறவு பாத்துக்கலாம்” என்று நான் யோசனை சொன்னேன். “பொய் சொல்லிட்டுப் போனா ஒவ்வொரு லீவுக்கும் வந்து அந்தப் பொய்யக் காப்பாத்தணும்டி” என்று வீட்டில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். “ஆம்பளைகளுக்கு நடுவுல கேமராவத் தூக்கிக்கிட்டு ஓடப் போறியா?” என்று பெரியப்பா எகிறினார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். அவர் எந்தப் பக்கம் என்று தெரியாதது எங்களுக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

அப்போதுதான் ஜெனிபர் சொன்னாள். எங்கள் பக்கத்தில் பெண் கேட்டுத் தட்டோடு வந்தவர்களை யாரும் வாசலோடு அனுப்ப முடியாது. உட்கார வைக்க வேண்டும், காபி கொடுக்க வேண்டும், நாலு வார்த்தை விசாரிக்க வேண்டும். சம்மதம் என்றால் பெண் வீட்டுப் பெரியவர் தட்டை வாங்கிக்கொள்வார். “நாம முந்திக்கிட்டுப் போவோம்” என்றாள். சனிக்கிழமை காலை வாயாடி வட்டம் மொத்தமும் பட்டுச்சேலையும் பூவுமாகச் சேத்தூர் வழி தேவதானம் போகும் பஸ்ஸில் ஏறியது. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் கிழங்கு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஜெனிபர் கையில் குங்குமச் சிமிழ்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பெரியப்பா ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். ஜமுக்காளம் விரித்தார்கள், காபி வந்தது. “மாப்பிள்ளை வரலையா, டூட்டியில இருக்காகளா?” என்று தொடங்கினார். “மாப்பிள்ளை இல்லைங்கய்யா. வேலைக்குத்தான் உங்க பிள்ளையக் கேட்டு வந்திருக்கோம்” என்றேன். எழுந்து நின்றுவிட்டார். கலைவாணியின் அப்பா மட்டும் அசையவில்லை. காபியைக் குடித்து முடித்து, ஒரு வரனை விசாரிப்பதுபோலவே விசாரித்தார். பிள்ளை எங்கே தங்கும், துணைக்கு யார், மேலே இருப்பவர்கள் மரியாதை தெரிந்தவர்களா, பிடிக்கவில்லையென்றால் திரும்பி வரலாமா. எல்லாவற்றுக்கும் விவரம் கேட்டு வைத்திருந்தேன், சொன்னேன். பிறகு தட்டை எடுத்து நீட்டினேன். அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையை ஆட்டி மறுத்தார். அப்பாவின் கை மடியிலேயே இருந்தது. எனக்குத் தோள் வலித்தது. கீழே வைத்தால் எல்லாம் முடிந்தது.

கலைவாணி அடுப்பங்கரையிலிருந்து வந்து, என் கையிலிருந்த தட்டை அவளே வாங்கிக்கொண்டாள். “பொட்டப்பிள்ளை தன் தட்டைத் தானே வாங்குறதா? இந்த வீட்டுல எவளாச்சும் செஞ்சிருக்காளா?” என்று பெரியப்பா கத்தினார். அதுவரை காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த அவள் அம்மா நிமிர்ந்தார்: “எங்கிட்ட யாரும் நீட்டல அத்தான். நீட்டியிருந்தா நானும் வாங்கியிருப்பேன்.”

மறுவாரம் கலைவாணியை அவள் அப்பாவே ரயிலேற்றிவிட்டு வந்தார், பெரியப்பா இன்னும் எங்களோடு பேசுவதில்லை, தொண்டை வற்றக் கத்தி நாங்கள் ஊரில் மாற்றியது இவ்வளவுதான்: இப்போதெல்லாம் தட்டோடு பெண்கள் கூட்டமாக வந்து இறங்கினால் அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கா வேலைக்கா என்று கேட்டுவிட்டுத்தான் காபிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறார்கள்.