பிணத்தைக் காட்டாத சீரியல்

சிதம்பரம் போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண்கள் இருவர் சீரியலில் செத்துப்போன கணவன் எப்படித் திரும்பி வந்தான் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, கடலூர் வீட்டிலும் இதே வாதம் நடந்தது. அப்பா கடலுக்குப் போய் எட்டு மாதமாகியிருந்தது. படகு மட்டும் கிடைத்தது. அம்மா டிவி முன்னால் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். வீடெல்லாம் மீன் வாடை.

“செத்தவன் எப்படிடி வருவான்? கதைய மாத்திட்டானுங்க,” என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

“பொணத்த காட்டலியேக்கா. அப்ப வருவான்,” என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

அத்தை எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் அழவில்லை. விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வரவே இல்லை.

முன்சீட்டுப் பெண்களில் ஒருத்தி என் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்கக்கா, வந்தது அவன்தானா?”

“நான் சீரியல் பாக்கறதில்லம்மா,” என்றேன்.