ஏற்றத்தில் தயங்கிய கார்

எனக்குப் பிலிமத்தலாவையில் ஒரு சிறிய கராஜ். கார்களின் மின்சார வேலையும் சென்சர் கோளாறுகளும்தான் என் பிழைப்பு. என் நண்பனுக்குத் திகனயில் டயர்க் கடை. இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். தன்னுடைய டர்போ காரை வேறு யாரையும் கழுவக்கூட விடமாட்டான். மலையேற்றப் பந்தயங்களில் அதை ஓட்டுவான். வென்றால் எனக்கும் பிரியாணி வரும், தோற்றாலும் வரும்.

ஒரு நாள் காலையில் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இறங்கும் முன்பே ஜன்னல் வழியாகச் சொன்னான்.

"மச்சான், ஏத்தத்துல மிதிக்கக்குள்ள ஒரு தரம் மூச்சுப் புடிக்குது. பொறகுதான் பாயுது. என்னமோ பிழை ஈக்குடா."

எஞ்சின் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. ஸ்கேனரைச் செருகினேன். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சரில் பிழை காட்டியது. பொனட்டைத் திறந்து பார்த்தால், டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயின் அடிப்பக்கம் வெடித்திருந்தது. அளந்த காற்றில் பாதி வெளியே போனால் எஞ்சின் தடுமாறத்தானே செய்யும். குழாயை மாற்றி, சென்சரையும் புதிதாகப் போட்டேன். விளக்கு அணைந்தது. அம்பிட்டிய ஏற்றத்தில் நான் ஓட்டிப் பார்த்தபோது கார் அம்பாகப் போனது. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரமே திரும்பி வந்தான்.

"இன்னும் புடிக்குது."

"நா ஓட்டுனப்ப ஒன்னும் இல்லையே மச்சான்."

"நீ மாட்டு வண்டி மாதிரி ஓட்டினா எப்பிடித் தெரியும்?"

இருவரும் சிரித்தோம். பிளக்குகளை மாற்றினேன். பெற்றோல் பம்பின் அழுத்தத்தை அளந்தேன். எஞ்சின் சுற்றைக் கணக்கிடும் சென்சரை மாற்றினேன். வயரிங்கை ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒவ்வொரு முறையும் நான் ஓட்டினால் கோளாறு இல்லை, அவன் ஓட்டினால் இருந்தது. சிரிப்பு குறைந்துபோனது. பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்தது. "உனக்கு ஏலாட்டி ஏலாதுண்டு சொல்லு" என்று ஒருநாள் என் வேலைக்காரர்கள் முன்னாலேயே கத்தினான்.

அப்போதுதான், அவன் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. லெப்டொப்பை ஸ்கேனரோடு இணைத்து மடியில் வைத்துக்கொண்டேன். அம்பிட்டியவைத் தாண்டி தலாத்துஓயாப் பக்கம் போகும் வளைவுகளில் ஏறினோம். பாதி ஏற்றத்தில் கார் தயங்கியது. எனக்கும் அது உடம்பில் தெரிந்தது.

"பாத்தியா? பாத்தியா?" என்றான், ஏதோ வென்றவன் போல.

திரையில் காற்று, பெற்றோல், சுற்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆக்சிலேட்டர் மிதியின் கோடு மட்டும் சட்டென்று சரிந்து மறுபடி ஏறியிருந்தது. மிதியில்தான் பிழை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. புது மிதி வருவித்து மாட்டினேன். அதே ரோட்டில், அதே வளைவுகளில் கோடு மறுபடி சரிந்தது.

அந்த மிதிக்குள் இரண்டு சென்சர்கள் இருக்கும். ஒன்று கெட்டால் மற்றது காட்டிக்கொடுக்கும். ஒன்று கெட்டிருந்தால் கோடுகள் இரண்டும் பிரிந்து போயிருக்க வேண்டும். இவை ஒட்டிப் பிறந்தவை போல ஒன்றாகவே இறங்கி, ஒன்றாகவே ஏறின. மிதி பொய் சொல்லவில்லை என்று அதற்கு அர்த்தம். கால்தான் தளர்கிறது.

திரையை விட்டுவிட்டுக் குனிந்து அவன் காலைப் பார்த்தேன். அடுத்த ஏற்றத்தில் அவன் மிதித்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் மெல்ல நடுங்கியது. பாதம் பின்னால் தளர்ந்து, திரும்ப அழுந்தியது. அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவனுக்கு அது தெரியவே இல்லை.

"மச்சான், ஓரமா நிப்பாட்டு."

"ஏன்?"

"நிப்பாட்டேன்."

நிறுத்தினான். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், "மிதிச்சிக்கிட்டு இருக்கும்போது நீ காலத் தளத்துறியா?" என்று கேட்டேன்.

"விசரா? ஏத்தத்துல யாராச்சும் கால எடுப்பானா?"

"நீ எடுக்கல. அது தானா எடுபடுது. நா இப்ப கண்ணால பாத்தேன்."

அவன் தன் வலது காலைப் பார்த்தான், யாரோ அங்கே மறந்து வைத்துவிட்டுப் போனதைப் போல. பிறகு என்னைப் பார்த்தான்.

"பிழையக் கண்டுபுடிக்க ஏலாம இப்ப என்ட கால்ல போடுறியா?"

"கார்ல ஒன்னும் இல்ல மச்சான். ஒரு டாக்டரக் காட்டு. எறக்கத்துல நா ஓட்டுறேன். பிரேக்கும் இதே கால்தான்."

அவன் சாவியைக் கழற்றி என் மடியில் எறிந்துவிட்டு இறங்கினான். பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டான். மறுநாள் அவனுடைய தம்பி வந்து காரை எடுத்துப் போனான். நான் எடுத்த அழைப்புகளுக்குப் பதில் இல்லை. கொழும்பில் ஒரு கராஜில் எஞ்சினையே இறக்கிப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மழைக்காலம் தொடங்கியபோது அவனுடைய மனைவி அழைத்தாள். அண்ணன் முறையில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, அவர் கடையில டயரத் தூக்கக்குள்ள விழுந்திட்டாரு. எழும்ப ஏலல்ல." அழுதுகொண்டே சொன்னாள். "கொஞ்ச நாளாவே வலது கால்ல செருப்பு நிக்காது நானா, நடக்கக்குள்ள கழண்டு விழும். நான்தான் பின்னால எடுத்திட்டுப் போவன். சொன்னா ஏசுவாரு."

பெரிய ஆஸ்பத்திரியில் பல சோதனைகள் செய்தார்கள். நரம்புகள் தசைகளை ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய் என்றார்கள். மருந்து இல்லை. கால், பிறகு கை, பிறகு பேச்சு, கடைசியில் மூச்சு. டாக்டர் அந்த வரிசையில்தான் சொன்னாராம். அந்த வரிசையில்தான் போயின.

இடையில் ஒருமுறை நான் பார்க்கப் போனபோது அவனைக் கதிரையில் தலையணை வைத்து உட்கார்த்தியிருந்தார்கள். பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. கொழும்புக்காரன் என்ன கண்டுபிடித்தான் என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லையாம்" என்றான். பிறகு, "எனக்கு அண்டைக்கே தெரியும்டா. பஸ்ஸுல ஏறக்குள்ள அந்தக் கால் படியில ஏறல்ல. கையால தூக்கி வெச்சன். கார்ல பிழை இருந்தா நல்லம்டு நெனச்சன்" என்றான்.

நான் அவனுடைய பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டேன். தோலுக்கடியில் தசை தன் பாட்டில் துடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்த முடியுமா என்பது போல அழுத்திப் பிடித்தேன். நிற்கவில்லை.

முன்பே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று ஜனாஸாவை அடக்கி முடிந்த பிறகு அவனுடைய மனைவி என்னிடம் கேட்டாள். டாக்டரிடம் நானும் அதைக் கேட்டிருந்தேன். இல்லை, ஒன்றும் மாறியிருக்காது என்றார். அதை அப்படியே சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு உள்ளே போய், வந்திருந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினாள்.