ஏழாவது தடவை

பேருந்து டிப்போவில் அவளை எல்லோரும் 'ஸ்பேனர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்து நான்கு. பதினெட்டு வருடமாக மல்லாக்கப் படுத்து, பஸ்களின் வயிற்றைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள். வேலையில் கெட்டிக்காரி. வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது. மேலாளரே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார்.

அவளுக்கு எங்கிருந்து வந்ததோ இந்தக் கயாக் படகுப் பைத்தியம். ஊரை விட்டு அரை மணி நேரம் போனால், மலையிலிருந்து பாறை பாறையாக விழுந்தடித்துக்கொண்டு இறங்குகிற ஆறு. நடுவழியில் நின்றுபோன பஸ்ஸைப் பார்க்கப் போனவள், பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒற்றை ஆள் உட்காரும் குட்டிப் படகுகளில் ஏழெட்டுப் பேர் நுரைக்குள் புகுந்து புறப்பட்டு வந்தார்கள். அவ்வளவுதான், மறுவாரமே அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டாள்.

ஒன்றைத் தவிர எல்லாம் படிந்தது. படகு கவிழ்ந்தால், தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கியபடியே துடுப்பை வீசிப் படகோடு நிமிர வேண்டும். நீச்சல் குளத்தில் அழகாகச் செய்வாள். ஆற்றில் ஆறு தடவை கவிழ்ந்தாள். ஆறு தடவையும் இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடியிருக்கும் ரப்பர் துணியின் வாரை இழுத்துக் கழன்றுகொண்டு, படகு ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாக நீந்தித்தான் கரையேறினாள்.

குழுத் தலைவர் ஒரு பூகோள வாத்தியார். அவளை விடச் சின்னவர், ஆனால் கறார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கடைசியில ஆறு படிப்படியா விழுற 'படிக்கட்டு'ல நீந்தினா எலும்பு மிஞ்சாது. ஞாயித்துக்கிழமை அதுக்கு முன்னாடி கவுந்து நீந்திட்டீங்கன்னா, அங்கயே கரையேறிடுங்க. அப்புறம் இந்த ஆத்துக்கு வர வேணாம்."

சுருக்கென்று தைத்தது அவளுக்கு. அந்த ஆறு இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் தையல்காரப் புருஷன் ஆறுதல் சொன்ன லட்சணத்தைப் பாருங்கள். "நான் பாலத்துல நிக்கிறேன். டவல் ரெண்டு எடுத்துட்டு வர்றேன்."

"நல்ல வார்த்தை வாயில வராதா உங்களுக்கு?"

சனிக்கிழமை ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தாள். முகத்தில் எண்ணெய் சொட்டியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நட்டைக் கழற்றினாள்.

பக்கத்து பஸ்ஸின் மெக்கானிக் கேட்டார். "கண்ண மூடிக்கிட்டு எப்படிக்கா?"

"கண்ணத் தொறந்தா எரியும், பதட்டம் வரும். எது எங்க இருக்குன்னு கைக்குத் தெரியாதா?" என்றாள். சொன்னதை அப்போதே மறந்தும் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை, படிக்கட்டுக்கு முந்தைய வளைவில் ஒரு பாறை படகைத் தூக்கிப் புரட்டிவிட்டது. ஏழாவது தடவை. தலைகீழ். திறந்த கண்ணுக்குள் வெள்ளை நுரை. மேல் எது, கீழ் எது, ஒரு மண்ணும் புரியவில்லை. கை பழக்கதோஷத்தில் வாரைத் தேடிப் போனது.

அந்த நேரம் பார்த்து மணல் கண்ணில் அடித்தது. இறுக்கி மூடிக்கொண்டாள். மூடியதும் இருட்டு. பதினெட்டு வருடமாகப் பழகிய அதே இருட்டு. அட, இது பஸ்ஸுக்கு அடிதானே!

கை வாரை விட்டுவிட்டுத் துடுப்பைப் பிடித்தது. அவசரமே இல்லாமல் அதைப் படகின் ஓரத்துக்குக் கொண்டுபோனது. ஒரே வீச்சு, இடுப்பை வெட்டி ஒரு திருப்பு. காற்று முகத்தில் அடித்தது.

முன்னால் வாத்தியார் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்காட்டினார். வா என்று அர்த்தம்.

படிக்கட்டு நாலு குதி. முதலாவதில் உயிர் போய் உயிர் வந்தது. இரண்டாவதில் சிரிக்க ஆரம்பித்தாள். நாலாவதில் அவள் போட்ட கூச்சலில் கரையிலிருந்த பறவைகள் பறந்தன. அவ்வளவு சந்தோஷத்தை அவள் உடம்பு அதுவரை கண்டதில்லை.

பாலத்துக்கு அடியில் ஆறு அடங்கியது. படகில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தாள். புருஷன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, ஒரு டவலால் கண்ணை மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இன்னொண்ணையாவது எனக்கு விட்டு வைங்க" என்றாள்.