பாக்கியநாதன் அண்ணனின் தலைக்கனம்

போன செவ்வாய்க்கிழமை காலையில் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். செல்போன் சிணுங்கியது. எங்கள் சர்ச் குரூப்பில் யாரோ ஒரு செய்தியைத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

‘அவசர ஜெப விண்ணப்பம். ஸ்ரீவில்லிபுத்தூர் சகோதரர் பாக்கியநாதன். மூளையில் கட்டி. மிகவும் கவலைக்கிடம். தயவுசெய்து எல்லோருக்கும் அனுப்பவும்.’

தோசை கருகியது.

பாக்கியநாதன் அண்ணனை முந்தின நாள்தான் பார்த்தேன். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்று முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். இந்த வயதிலும் சொந்தப் பல்!

என் வீட்டுக்காரர் எட்வினிடம் போனை நீட்டினேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்னுமா சுத்துது?” என்றார். அதோடு சரி. கருகின தோசையைத் தானே தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கால் நூற்றாண்டாகச் சுற்றிக்கொண்டிருக்கிற செய்தி இது. அது பிறந்த கதையை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். பாக்கியநாதன் அண்ணனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். எட்வினிடம் கேட்கவில்லை... கேட்டால் கொடுக்க மாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எட்வினுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் ஏற்றுமதி ஆபீஸில் வேலை. வெளிநாட்டு ஆர்டர்களுக்காக அங்கே இன்டர்நெட் போட்டிருந்தார்கள். பாக்கியநாதன் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். டைப் அடிக்க ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பொறுக்குமா? அதற்கும் ஒரு இன்டர்நெட்.

இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே சர்ச்சில் பாடியவர்கள். பஸ் ஏறினால் அரை மணியில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பார்க்க மாட்டார்கள். கம்ப்யூட்டரில்தான் கேலி, கிண்டல், சண்டை எல்லாம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டிய காலம். ‘ஏலே’ என்று கூப்பிடவே நான்கு எழுத்து தட்ட வேண்டும். ஆனாலும் தட்டினார்கள்.

வளைகுடாவில் இருந்த நம்ம பக்கத்துக்காரர் ஒருவர் ஈமெயிலில் ஒரு ஜெபக் குழு நடத்திவந்தார். யாருக்காவது சுகமில்லை என்றால் அதில் எழுதிப் போடுவார்கள். எங்கெங்கோ இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஜெபிப்பார்கள். நல்ல காரியம்தான்.

பாக்கியநாதன் அண்ணனுக்கு ஒரு பெருமை உண்டு. “எனக்கு ஒரு தலைவலி காய்ச்சல் வந்தது கெடையாதுல. என் பேரை ஜெபக் குறிப்புல போடணும்னா ஒங்களுக்கு ஒரு காரணமும் கெடைக்காது” என்று எட்வினைச் சீண்டிக்கொண்டே இருப்பார்.

எட்வின் ஒரு நாள் போட்டுவிட்டார்.

‘ஸ்ரீவில்லிபுத்தூர் சகோதரர் பாக்கியநாதனுக்குத் தலைக்கனம். நாளுக்கு நாள் கூடுகிறது. டாக்டர்களால் ஒன்றும் முடியாது. ஜெபியுங்கள்.’

தலைக்கனம்! விஷயம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். பாக்கியநாதன் அண்ணனே விழுந்து விழுந்து சிரித்தார். யாரோ போன் நம்பர் கேட்டபோது எட்வின் சிரிப்போடு சிரிப்பாகக் கடை நம்பரையும் கொடுத்தார்.

ஆனால் குழுவில் எல்லோருக்கும் தமிழ் அத்தனை பழக்கம் இல்லை. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்காக ஒரு நல்ல மனுஷி அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்துப் போட்டார். தலையில் கனம், கூடிக்கொண்டே போகிறது, டாக்டர்கள் கைவிட்டார்கள் - வேறு என்னவாக இருக்கும்? மூளையில் கட்டி என்று எழுதிவிட்டார். அந்த மொழிபெயர்ப்பு வேறு குழுக்களுக்குப் போனது. அங்கிருந்து இன்னும் வேறு குழுக்களுக்கு.

கடைக்குப் போன் வர ஆரம்பித்தது. “பிரதர், தலை எப்படி இருக்கு?” என்று மலேசியாவிலிருந்து ஒருவர். இலங்கையிலிருந்து ஒருவர். பாக்கியநாதன் அண்ணன் எல்லோருக்கும் பொறுமையாக விளக்கம் சொன்னார். பாதிப் பேர் நம்பவில்லை. தைரியமாக இருப்பதுபோல் நடிக்கிறார் என்று நினைத்து அழுதார்கள்.

ஒரு நாள் மத்தியானம் வந்த போன் வேறு மாதிரி.

பெண் குரல். பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. மெதுவாகப் பேசினாளாம். “நான் ஜெபம் பண்ணும்போது உங்களைப் பார்த்தேன். ஒரு மிஷின் பக்கத்துல உக்காந்திருக்கீங்க. பச்சை வெளிச்சம் உங்க முகத்து மேல போகுது, வருது. தலையில வெள்ளைத் துணி கட்டியிருக்கீங்க. இடது காதுக்குப் பின்னாடி தொட்டுப் பாருங்க.”

லைன் அறுந்துவிட்டது.

அண்ணன் இதை எட்வினிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எட்வினுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெராக்ஸ் கடை என்று அவர் எங்கேயும் எழுதவில்லை. பேரும் ஊரும் நம்பரும்தான் கொடுத்திருந்தார்.

“நீங்க போன்ல யார்ட்டயாவது சொல்லியிருப்பிய” என்றேன் நான்.

“இல்ல தங்கச்சி” என்றார் அண்ணன். சொல்லும்போதே அவர் கை இடது காதுக்குப் பின்னால் போனது. தொட்டது. எடுத்தது. மறுபடியும் தொட்டது.

அன்றிலிருந்து அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

முதலில் லேசாக ஒரு பாரம் என்றார். பிறகு வலி. பிறகு தூக்கம் இல்லை. ஜெராக்ஸ் மிஷின் ஓடும்போது மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்வார், வெளிச்சம் கசியாமல். எட்வினுடைய மெசேஜுக்குப் பதில் வருவது நின்றது.

எட்வின் நேரில் போய்க் கெஞ்சினார். “ஏலே பாக்கியம், அது நான் கேலிக்கு எழுதினது. ஒனக்கே தெரியுமில்ல?”

“தெரியும்ல. நீ கேலிக்குத்தான் எழுதின.” அண்ணன் தலையைத் திருப்பாமல் சொன்னார். “ஆனா ஒன் கையை எழுத வச்சது யாரு?”



பொய் என்று தெரிந்த பிறகும் ஒரு பொய் ஆளை அடிக்குமா? அடிக்கும். நான் கண்ணால் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தேன். பட்டப்பகல். கோர்ட் லீவு, தெருவில் ஆள் இல்லை. கடைக்குள் அண்ணன் தனியாக உட்கார்ந்து ஏதோ காப்பி எடுத்துக்கொண்டிருந்தார். மூடி உடைந்து போயிருந்தது. பச்சை வெளிச்சம் அவர் முகத்தின் மேல் போனது... வந்தது... போனது.

தலைவலிக்காகத் தலையைச் சுற்றி ஈரத் துண்டு கட்டியிருந்தார். வெள்ளைத் துண்டு.

வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே கால் வைக்க என்னால் முடியவில்லை. அந்தப் பெண் இதைத்தான் பார்த்தாளா? அல்லது அவள் சொன்னதால்தான் இது நடந்ததா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இதைவிட என்னைப் பயமுறுத்தியது எஸ்தர் மதினி, அண்ணன் மனைவி. அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஊர் ஊராக, வருஷக்கணக்காக ஜெபித்தும் இல்லை. சுற்றி வந்த செய்தி ஒன்றில் எவரோ இரக்கப்பட்டு ஒரு வரி சேர்த்திருந்தார்கள் - ‘அவருடைய இரண்டு சிறு பெண் பிள்ளைகளுக்காகவும் ஜெபியுங்கள்.’ அது அச்சான பேப்பரை மதினி கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“ஏம்மா, இதுல அந்தப் பிள்ளைகளுக்குப் பேரு ஏதும் போட்டிருக்கா?”

“போடல மதினி.”

“இன்னொரு தரம் நல்லாப் பாரேன்.”

மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். எட்வின் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டார். பாக்கியநாதன் அண்ணன் மட்டும் அமைதியாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சொன்னார்.

“இன்னும் வரல போல.”

எட்வின் அன்றைக்கே குழுவில் உண்மையை எழுதினார். அது கேலி, கட்டி எதுவும் இல்லை, ஸ்கேனும் எடுத்தாயிற்று, மன்னியுங்கள் என்று. கேலி என்பதை யாரும் கவனிக்கவில்லை. ‘கட்டி இல்லை’ என்பது மட்டும் பறந்தது. அற்புதம், ஸ்கேனில் கட்டி கரைந்துபோயிற்று, டாக்டர்களே வாயடைத்துப் போனார்கள்! இன்னொரு பக்கம் யாரோ எதையோ குழப்பி, சகோதரர் பாக்கியநாதன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரே மனிதர். ஒரு குழுவில் சுகமானார். ஒரு குழுவில் செத்தார். நிஜத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

துக்கம் விசாரிக்க ஆள் வந்துவிட்டது.

ஒரு மத்தியான நேரம் நாங்கள் நான்கு பேரும் கடையில்தான் இருந்தோம். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் பை ஒன்றைப் பிடித்தபடி படியேறினார். திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு ஊரிலிருந்து பஸ் மாறி மாறி வந்தவர்.

“பாக்கியநாதன் குடும்பம் எங்க இருக்கு தம்பி?” என்று பாக்கியநாதன் அண்ணனிடமே கேட்டார்.

“நாந்தான்யா பாக்கியநாதன்.”

பெரியவர் அவரையே பார்த்தார். கையைப் பிடித்தார். சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல விரல்களை அமுக்கிப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“போயிட்டிய-ன்னு சொன்னாவளே...”

தண்ணீர் கொடுத்தோம். மெல்ல மெல்லச் சொன்னார். அவருடைய ஒரே மகன் மூளையில் கட்டி வந்துதான் இறந்திருக்கிறான். பாக்கியநாதனைப் பற்றிய செய்தி வந்ததும், மகனுக்கு மாத்திரை கொடுத்த அதே நேரத்தில் தினமும் அவரும் மனைவியும் முழங்காலில் நின்றிருக்கிறார்கள். செத்துப் போனார் என்று கேள்விப்பட்டதும் அந்த அம்மா மறுபடியும் ஒரு மகனைப் பறிகொடுத்ததுபோல் படுத்துவிட்டார்களாம்.

பையைத் திறந்தார். உள்ளே இரண்டு கவுன்கள். மஞ்சளில் ஒன்று, நீலத்தில் ஒன்று.

“அவ தச்சது. அளவு தெரியாம குத்துமதிப்பாத் தச்சிருக்கா. பிள்ளைய ரெண்டும் எங்கம்மா?”

எஸ்தர் மதினி கவுனைக் கையில் வாங்கினார். தோள்பட்டைப் பக்கம் விரித்துப் பார்த்தார். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லாமல் சொன்னார்.

“பள்ளிக்கூடம் போயிருக்காளுவ அய்யா. செத்த நேரத்துல வந்துருவாளுவ.”

பாக்கியநாதன் அண்ணன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுமை என்னவென்றால்... மதினி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்!

எட்வினால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றார்.

“அய்யா, எல்லாம் பொய். கட்டியும் இல்ல, பிள்ளைகளும் இல்ல. இவனைக் கேலி பண்ண நான் எழுதினது. நாந்தான்.”

பெரியவர் கோபப்படவில்லை. போய்விட்ட பஸ்ஸைப் பற்றிக் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

“அப்ப நாங்க பண்ணின ஜெபமெல்லாம் எங்க போயிருக்கும் தம்பி?”

எட்வின் தன் கைகளையே பார்த்தார். ஆயிரம் வார்த்தை தட்டிய கைகள்.

பாக்கியநாதன் அண்ணன்தான் எழுந்தார். தலையிலிருந்த துண்டை அவிழ்த்தார். பெரியவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் இடது காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“இங்கதான்யா வந்து இறங்கியிருக்கு. அம்புட்டும் இங்கதான் இருக்கு. இது எம்புட்டுக் கனம்னு எனக்குத்தான் தெரியும். நீங்களே இறக்கி விடுங்க.”

பெரியவர் கண்ணை மூடினார். சின்ன ஜெபம்தான். அதில் பாக்கியநாதன் என்ற பேர் வரவில்லை. வேறு ஒரு பேர் வந்தது. அது அவருடைய மகன் பேர் என்று கேட்காமலே எங்களுக்குப் புரிந்தது. முடிக்கும்போது அண்ணன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

வலி போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? போய்விட்டது. அன்றைக்கா, மறுநாளா என்று அவருக்கே நினைவில்லை. அந்தப் பெண் குரல் யாருடையது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. கவுன்களை மதினி திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போது எங்கே இருக்கின்றன என்று நான் கேட்டதும் இல்லை.

நாவடக்கம் பற்றி எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். விரல் நுனியிலும் ஒரு நாக்கு இருக்கிறது என்று அப்போது யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. பேசிய பேச்சு அந்த அறையோடு போய்விடும். தட்டிய பேச்சு நாம் பார்க்காத வீட்டுக்குள் போய், தெரியாத ஒருவரை முழங்காலில் நிற்க வைக்கிறது. அந்த வீட்டில் ஏற்கெனவே யார் செத்திருக்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்?

எட்வின் இப்போது எதைத் தட்டினாலும், அனுப்புவதற்கு முன் என்னிடம் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். பாதி போவதே இல்லை!