அக்கா கொடுத்த வாக்கு

எங்கள் ஆபீஸில் எதையும் இங்கிலீஷில் அறிவிப்பார்கள். நிஜத்தைத் தெலுங்கில் கிசுகிசுப்பார்கள். என் தெலுங்கு அரைகுறை. எச்.ஆரில் ஒரு திருநெல்வேலி அக்கா இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கேன்டீனில் ஒரே மேஜை. அவளுக்கு ஒரு பெண், எனக்கு ஒரு பையன், இருவருக்கும் ஒரே வயது. சுற்றியிருப்பவர்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழில் நாங்கள் திட்டாத மேனேஜர் இல்லை.

ஊழியர்களுக்குத் தரும் சலுகைகளுக்குக் கம்பெனி வரி கட்ட வேண்டும் என்று அப்போது ஒரு சட்டம் இருந்தது. ஒரு பட்ஜெட்டில் குழந்தைகள் காப்பகத்துக்கு மட்டும் அதிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். உடனே எங்கள் கம்பெனிக்குத் தாய்மார்கள் மேல் பாசம் பொங்கிவிட்டது. தரைத்தளத்தில் காப்பகம் திறந்து, சுவரெல்லாம் யானையும் வரிக்குதிரையும் வரைந்தார்கள்.

என் பையனை, எங்கள் வீடு இருந்த ஏ.எஸ்.ராவ் நகரில், எதிர் ஃப்ளாட் தெலுங்கு ஆன்ட்டி பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அவரை ‘அம்மம்மா’ என்பான். அவரை விட்டுவிட்டு, நகரத்தின் இன்னொரு கோடியில் இருந்த ஆபீஸுக்குப் பிள்ளையையும் தினம் பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போவதா என்று தயங்கினேன்.

“வரி இல்லைன்னுதானே திறந்திருக்காங்க. நாளைக்கு மூடிட்டா என்னக்கா பண்றது?”

“மூடவா? நான் இருக்கேன்லா. அப்படி ஏதும் வந்தா மொதல்ல உன்கிட்டதான் சொல்லுவேன்” என்றாள்.

மீட்டிங்கில் இதையே இங்கிலீஷில் சொல்லியிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். தமிழில் சொன்னாள், நம்பிவிட்டேன். ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டு, அக்காவின் பெண் இருந்த காப்பகத்திலேயே பிள்ளையையும் சேர்த்தேன். இனி கவலையில்லை என்று அவர் மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பினார்.

அடுத்த வருஷம் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். எந்தச் சலுகைக்கும் வரி இல்லை என்றான பிறகு காப்பகத்தால் கம்பெனிக்கு என்ன தனி லாபம்? மந்தநிலை வேறு; செலவைக் குறைக்கிறோம் என்றார்கள். ஒரு திங்கட்கிழமை மெயில் வந்தது. மாதக் கடைசியோடு காப்பகம் மூடப்படும்.

அக்காவின் பெண்ணைச் சில வாரங்களாகவே காப்பகத்தில் காணோம். சளி என்று சொல்லியிருந்தாள். நானும் அக்கறையாகக் கஷாயம் வைக்கச் சொல்லியிருந்தேன். அன்று மாலை ஆபீஸுக்குப் பக்கத்துத் தெரு டே-கேருக்கு இடம் கேட்டு ஓடினேன். எல்லா இடமும் நிரம்பிவிட்டது என்றார்கள். திரும்பினால், அந்த டே-கேரின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் பெண் “ஆன்ட்டி!” என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. குழந்தையை என்ன சொல்ல? தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

மறுநாள் அக்காவிடம் நேராகவே கேட்டேன்.

“எச்.ஆர்ல இருந்துக்கிட்டு இதையெல்லாம் வெளிய சொல்ல முடியுமா? என் வேலை போயிரும்லா” என்றாள்.

அப்படியானால் என் வேலை? விவரம் எதுவும் சொல்லியிருக்க வேண்டாம். ‘நீயும் ஒரு இடம் பாத்து வச்சுக்கோ’ என்று ஒரு வார்த்தை போதும். மேனேஜரைத் திட்டும்போது வராத பயம் அதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. ஆன்ட்டியும் அமெரிக்காவிலிருந்து இன்னும் திரும்பவில்லை. “கொஞ்ச நாள் பிரேக் எடுத்துக்கோயேன்” என்றார் வீட்டுக்காரர். தான் எடுத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அழுதேன், சண்டை போட்டேன், கடைசியில் ராஜினாமாவை எழுதிக் கொடுத்தேன்.

கடைசி நாளில் எச்.ஆரிலிருந்து ஒருவர் பேசி அனுப்புவது வழக்கம். எனக்கு அவள்தான் வாய்த்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, ஏன் விலகுகிறாய் என்று கேட்டாள்.

“காப்பகத்த மூடிட்டீங்க. அதான்.”

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

“ஏட்டி, அப்படிப் போட முடியாது” என்றாள் மெதுவாக. “சொந்தக் காரணம்னு போட்டுருதேன்.”