தண்ணிக்குள்ள டீச்சர்

குளிர்காலத்தில் கரையிலிருந்து இறங்கி நீருக்கடியில் சுழியோட நல்ல ஏரி எது என்று கேட்டால், இன்றும் என்னால் அரைமணி நேரம் நிறுத்தாமல் பேச முடியும். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அந்தப் பேச்சுக்கு இதுவரை தடையாக இருந்ததில்லை.

எல்லாம் மாமியிடம் கற்றது. மாமி அப்பாவின் தங்கை. ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் எங்களோடு இருந்துகொண்டு ஒரு பல் வைத்தியரிடம் தொழில் பழகினார். அங்கே வேலை செய்த ஜெர்மன்காரி ஒருத்திதான் அவருக்குச் சுழியோடவும் பழக்கியவள். வீட்டில் இது தெரியாது. அப்பாவைப் பொறுத்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி என்னைப் பழம்பொருள்கள் பார்க்க நூதனசாலைக்குக் கூட்டிப் போகிறார். நிலக்கரிச் சுரங்க வரலாறு முழுவதும் எனக்கு அத்துப்படி என்று அவர் வெளியில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

மாமிக்குக் கனடாவில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். கறுப்பு ரப்பர் உடுப்போடு ஏரிக்குள் இறங்குகிறாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. சம்பந்தம் போவது பற்றி மாமிக்குப் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. ஏரி போய்விடும் என்பதுதான் அவருடைய பயம்.

ஆகவே மாமியும் ஜெர்மன்காரியும் இடத்தை மிகக் கவனமாகத் தேர்ந்தார்கள். கோடையில் பச்சைக் கூழாகக் கிடக்கும் தண்ணீர் தை மாதத்தில் பாசி அடங்கிக் கண்ணாடியாகிவிடும். ஆனால் கரை வாய்க்க வேண்டும். விரல் விறைத்த பிறகு பாரம் சுமக்க முடியாது என்பதால் கார் தண்ணீருக்குக் கிட்ட நிற்க வேண்டும். இறங்கும்போது சாதுவாகத் தெரியும் படிக்கட்டு, உறைபனி பிடித்தால் ஏறும்போது எமனாகும். இதெல்லாம் ஜெர்மன்காரியின் விதிகள். மாமியின் விதி ஒன்றுதான்: தமிழர் வராத இடம். தை மாதத்து ஜெர்மனியில் எல்லா ஏரிகளும் அந்த விதிக்குப் பொருந்தின.

ஒரேயொரு ஞாயிற்றைத் தவிர. அன்று அவர்கள் இருவரும் நீருக்குள் இருந்தார்கள். மணல் அள்ளத் தோண்டிய கிடங்கில் நீர் நிரம்பி உண்டான ஏரி அது. நான் கரையில் தேத்தண்ணிப் போத்தலைக் கட்டிப்பிடித்தபடி காவல் நின்றேன். ஒரு வான் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் எங்கள் கோயில் செயலாளர்.

"நீ பேக்கரி அண்ணையின்ர மகளெல்லோ? இஞ்ச என்ன செய்யிறாய்?"

"டீச்சரோட வந்தனான்."

"எங்க டீச்சர்?"

"தண்ணிக்குள்ள."

அவர் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தக் குளிருக்குள்ளயோ? ஞாயிற்றுக்கிழமையுமோ பள்ளிக்கூடம்?"

அவரும் கரை பார்க்கத்தான் வந்திருந்தார். கோடைத் திருவிழாவில் தீர்த்தமாடச் சாமியையும் சனத்தையும் இறக்க ஓர் இடம் வேண்டும். வாகனம் கிட்ட வர வேண்டும், சரிவு இலேசாக இருக்க வேண்டும், வயதுபோனவர்கள் வழுக்கி விழக்கூடாது. ஜெர்மன்காரியின் விதிகளை அவர் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் ஒப்புவித்தார்.

அப்போது இருவரும் மேலே வந்தார்கள். ஜெர்மன்காரி நடுங்கிக்கொண்டு காருக்கு ஓடிவிட்டாள். மாமி இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றார். தலையுறையும் நீர்க்கண்ணாடியும் மூடியது போக மிஞ்சிய முகம், நீலம் பாரித்து, எந்த நாட்டுக்கும் சொந்தமாகலாம் போல இருந்தது.

"டீச்சரைக் கேள் பிள்ளை, இதுக்குள்ள சனம் இறங்கலாமோ எண்டு."

கேட்டேன். மாமி ஜெர்மனில் நீளமாகப் பதில் சொன்னார். எனக்குக் கால் விறைத்திருந்தது, இவர் போனால் போதும் என்றும் இருந்தது. சுருக்கி மொழிபெயர்த்தேன்.

"நல்லமாம்."

"என்னடி நல்லம்?" தண்ணீருக்குள்ளிருந்து தமிழ் வெடித்தது. "அண்ணை, இஞ்ச ஒருத்தரையும் இறக்காதேங்கோ! ரெண்டு எட்டு வைச்சா அங்கால கிடங்கு. மணல் காலோட சரியும். பிள்ளையள் தண்ணிக்குள்ள தாண்டு போயிடும்!"

மாமி வாயைப் பொத்திக்கொண்டார். செயலாளர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"உங்கட டீச்சர் நல்லாத் தமிழ் படிச்சிருக்கிறா. அப்ப எங்க இறக்கலாமெண்டு கேட்டுச் சொல்லு."

நான் ஜெர்மனில் கேட்டேன். மாமி ஜெர்மனில் சொன்னார். அடுத்த ஊர் ஏரியில், கோடையில் குழந்தைகள் குளிக்கும் பக்கத்தில், தரை நெடுந்தூரம் சமமாகப் போகிறது. அதை நான் தமிழாக்கினேன். இந்த முறை ஒரு சொல்லையும் விழுங்கவில்லை.

"டீச்சருக்குக் குளிருது, தேத்தண்ணியக் குடு," என்று சொல்லிக்கொண்டு செயலாளர் வானில் ஏறினார். "நாங்கள் இனி இந்தப் பக்கம் வரமாட்டம் எண்டும் சொல்லு." பாவம், இடம் சரிவராத ஏமாற்றத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

தீர்த்தம் அந்த அடுத்த ஊர் ஏரியில்தான் நடந்தது. முழங்கால் அளவு நீரில் பிள்ளைகள் கும்மாளமடித்தார்கள். இடம் பார்த்துத் தந்த ஜெர்மன் டீச்சர் ஒருவருக்கு ஒலிபெருக்கியில் நன்றி சொன்னார் செயலாளர். அது எந்த டீச்சர் என்று அப்பா என்னைக் கேட்டார். நூதனசாலையில் கண்ட டீச்சர் என்றேன். பிறகு செயலாளர் எங்களைக் கடந்து போகும்போது, பக்கத்தில் நின்ற மாமியைப் பார்க்காமல், என்னிடம் குனிந்து, "டீச்சர் சுகமோ?" என்றார்.

சனம் கலைந்த பிறகு மாமியிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பக்கத்தில் நிற்கிற ஆளைக்கூட அடையாளம் தெரியவில்லையே! இந்த மனுசனை நம்பியா கோயிலைக் கொடுத்திருக்கிறார்கள்?

மாமி சிரிக்கவில்லை. ஈரமான சேலைக் கரையைப் பிழிந்துகொண்டு, செயலாளரின் வான் வளைவில் மறையும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். ஓர் அசட்டு ஆளை இவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.